சங்கற்பத்தில் வழங்கும் பேரெண்

சிவமயம்

திருச்சிற்றம்பலம்

குடமுழுக்குப் பெருவிழாவில், யாகசாலையில் எரி வளர்ப்பதற்கு முன்னர்ச் சிவாசாரியப் பெருமக்கள் சங்கற்பம் செய்துகொள்ளுதல் யாவரும் அறிந்ததே. அதன்கண் ஊரும் பேரும், கோத்திரமும், செய்யப்புகும் வினையும் சொல்லப்படும். இவற்றிற்கெல்லாம் முன்னதாகக் காலம் சொல்லப்படும். நான்முகனது ஆயுளின் பிற்பாதி, அதனுள் சுவேதவராக கற்பம், அதனுள் ஏழாம் மனுவாகிய வைவசுவதனது அந்தரம், அதனுள் இருபத்தெட்டாம் சதுர்யுகம், அதனுள் கலியுகம், கலியுகத்துள்ளும் முதற்பாதம் என்று பெரியதிலிருந்து சிறியதாக இறங்கிவந்து, இன்றைய ஆண்டு, அயனம், இருது, திங்கள், பக்கம், திதி, கிழமை, நாண்மீன் ஆகியவற்றில் அச்சொற்றொடர் நிலைபெறும். செவியாற் கேட்டுக் கைகூப்பி நிற்கும் அன்பர்கள், இவ்வளவு நெடிய காலத்தை ஒரு திருக்கோயிற் பணிக்கு முன் சொல்லவேண்டுவது என்னை என்று ஒருகால் எண்ணியிருத்தல் கூடும்.

இவ்வளவைகள் அனைத்திற்கும் அடிமனையாக நிற்பது ஓரெண். அது நாற்பத்துமூன்று நூறாயிரத்து இருபதினாயிரம். இலக்கத்தால் எழுதின் 43,20,000. சதுர்யுகம் ஒன்றின் ஆண்டுத்தொகை இது. இதனைப் பற்றி இக்காலத்தார் இருவகையாகப் பேசக் கேட்கின்றோம். ஒரு சாரார் இது வெறுங்கட்டு, பெரிய எண்ணைச் சொல்லி மக்களை மருட்டியது என்பர். மற்றொரு சாரார், மேனாட்டு விஞ்ஞானிகள் இன்று கண்டுபிடித்ததை எம் முன்னோர் அன்றே கண்டனர் என்று மார்தட்டுவர். இவ்விருவரும் அவ்வெண்ணை உள்ளே நுழைந்து பாராதவர் என்பதே எம் கருத்து. பாராமையால் விளையும் இடர்ப்பாடு பேச்சோடு நில்லாது, திருவிழா நாள் குறிப்பது வரையில் வந்து நிற்றலின், அன்பர்கள் சிறிது பொறுமையுடன் கணக்கிற் புகவேண்டுகின்றோம். பெருக்கலும் வகுத்தலும் அன்றி வேறொன்றும் ஈண்டு வேண்டுவதில்லை.

முதற்கண் எண்ணின் அமைப்பு. கிருதம், திரேதம், துவாபரம், கலி என்னும் நான்கும் நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்னும் விகிதத்தன. கலி 4,32,000, துவாபரம் 8,64,000, திரேதம் 12,96,000, கிருதம் 17,28,000. இவற்றின் கூட்டு, கலியைப்போற் பதின்மடங்கு. மனுநூல் தேவயாண்டு பன்னீராயிரம் என்று சொல்லும் தொகையை, தேவர்க்கு ஒருநாள் நமக்கு ஓராண்டாதலின், 360ஆற் பெருக்கப் பெற்ற தொகையும் இதுவே.

இதனைப் பகா எண்களாகப் பிரித்தால் இரண்டு எட்டு முறையும், மூன்று மூன்று முறையும், ஐந்து நான்கு முறையும் வரும். வேறு பகா எண் யாதும் இதனுள் இல்லை. ஆகவே இதனை மிச்சமின்றி வகுக்கும் எண்கள், ஒன்றும் இவ்வெண் தானும் உட்பட, நூற்றெண்பது உள. ஒன்று முதற் பத்து வரை எடுத்துக்கொண்டால் ஏழு ஒன்று தவிர ஏனைய யாவும் இதனை வகுக்கும். ஏழு வகுக்காமை ஒரு குறைபோலத் தோன்றினும், அதனால் ஒரு சுவையான வழக்கே பின்னர் எழுந்தது. அதனை உரிய இடத்திற் காண்போம். திங்கள் பன்னிரண்டு, நாள் முப்பது, நாழிகை அறுபது, இராசிவட்டத்துப் பாகை முந்நூற்றறுபது, பாகைக்குக் கலை அறுபது, கலைக்கு விகலை அறுபது என நம் கால அளவும் வான அளவும் இரண்டு, மூன்று, ஐந்து என்னும் மூன்றனாலேயே ஆக்கப்பட்டவை. இவற்றுள் எதனால் வகுத்தாலும் பின்னம் தோன்றாத பெருந்தொகையொன்று கணிதனுக்கு வேண்டியிருந்தது என்பது இதனால் விளங்கும்.

ஒற்றுமைகள் சில தாமே வந்து பொருந்துகின்றன. திரேதயுகத்தின் 12,96,000 என்பது வட்டமொன்றின் விகலைத் தொகை. கிருதயுகத்தின் 17,28,000 என்பது 120ஐ மும்முறை தன்னாற் பெருக்கிய கனம். வட்டத்தின் கலைகள் 21,600. நாளொன்றிற்கு மாந்தர் விடும் மூச்சும் 21,600 என யோகநூலார் கணித்தனர். அதனை இருபதாற் பெருக்கினால் கலியுகத் தொகை. தில்லைச் சிற்றம்பலத்துப் பொன்னோடுகள் 21,600 என்றும், அவற்றைப் பிணித்த ஆணிகள் நாடிகளின் தொகையாகிய 72,000 என்றும் மரபில் வழங்குவதனை அன்பர்கள் அறிவர். நான்முகனது நூறாண்டில் பகலும் இரவுமாக உள்ள கற்பங்களும் 36,000 உடன் 36,000, ஆக 72,000. இவற்றைக் கண்டு மகிழலாம். ஆயின் எண் ஒத்தமையால் பொருளும் ஒன்று எனத் துணிந்து நூல் எழுதப் புகுதல் தகாது. இரண்டு, மூன்று, ஐந்து என்னும் மூன்று விதையிலிருந்து முளைத்த எண்கள் ஒன்றையொன்று அடிக்கடி சந்திப்பது இயல்பேயாம்.

இவ்வெண் எக்காலத்தது? சதபதப் பிராமணத்தின் பத்தாம் காண்டம் வேள்விச்சிதியைப் பேசுமிடத்து, ஆண்டின் முகூர்த்தங்களாகிய 10,800ஐயும், அதற்கு நிகராக அடுக்கப்படும் 10,800 செங்கற்களையும் கூறுகின்றது. இருக்குவேதத்தை முப்பத்தாறெழுத்துப் பிருகதி யாப்பில் 12,000 ஆகவும், நாற்பதெழுத்துப் பங்கி யாப்பில் 10,800 ஆகவும் அது கணக்கிடும். எவ்வாறு பெருக்கினும் எழுத்து 4,32,000. யுகக்கணக்கு தோன்றாத அந்நூலில் கலியுகத் தொகை எழுத்துத் தொகையாக முன்னரே நிற்கின்றது. மறுபுறம், கிறித்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டினராகிய பெரோசசு என்னும் பாபிலோனியக் குரு, தம் நாட்டிற் பெருவெள்ளத்திற்கு முன் அரசாண்ட பதின்மர்க்கு 120 சாரோசு காலம் வகுத்தார். ஒரு சாரோசு 3,600 ஆண்டு. ஆகத் தொகை அதே 4,32,000. அங்கிருந்து இங்கு வந்ததா, இங்கிருந்து அங்குச் சென்றதா என்று மேனாட்டறிஞர் நெடிது வாதிட்டனர். அறுபதறுபதாக எண்ணும் பழக்கமுடைய மக்களிடத்தும், முந்நூற்றறுபதை ஆண்டாகக் கொண்டு வேள்வி செய்த மக்களிடத்தும் ஓரெண் தனித்தனியே விளைதல் அரிதன்று. அவ்வாதத்தில் யாம் புகவில்லை.

கற்பனைக்குரிய பெருந்தொகையாய் நின்ற இவ்வெண்ணைக் கணிதக் கருவியாகச் செப்பம் செய்த பெருமை முற்றிலும் நம் நாட்டுச் சித்தாந்த ஆசிரியர்களைச் சார்ந்தது. அவருள் நமக்குக் காலம் தெளிவாகத் தெரிந்த முதல்வர் ஆரியபடர். கலியில் அறுபது அறுபதாண்டுகள், அஃதாவது 3,600 ஆண்டுகள், கழிந்தபோது தமக்கு அகவை 23 என்று அவரே கூறினமையின் அவ்வாண்டு கி.பி. 499 ஆகும். உயிரும் மெய்யும் கொண்டு எண்களைக் குறிக்கும் ஒரு முறையை அவர் வகுத்தார். அம்முறையில் 43,20,000 முழுவதும் இரண்டே அசைகளில் அடங்கிவிடுகின்றது.

அவர் செய்தது இது. சனியின் ஒரு சுற்றுக்கு இத்தனை ஆண்டு, இத்தனை திங்கள், இத்தனை நாள், இத்தனை நாழிகை, அதன்மேற் பின்னம் என்று கூறினால் கணக்கு முடிவின்றி நீளும். அதற்கு மாறாக, 43,20,000 ஆண்டில் சனி 1,46,564 சுற்று, வியாழன் 3,64,224, செவ்வாய் 22,96,824, திங்கள் 5,77,53,336 என்று முழுவெண்ணாக உரைத்தார். அதே காலத்தில் உலகத்து நாள்கள் 157,79,17,500. கலிபிறந்து இன்றுவரை கழிந்த நாளை ஒரு கோளின் சுற்றெண்ணாற் பெருக்கி, 157,79,17,500ஆல் வகுத்து, முழுச்சுற்றுகளை நீக்கினால் எஞ்சுவது அக்கோளின் இன்றைய நிலை. சிறுவரும் அறிந்த திரைராசிகத்தின்மேல் வேறொன்றும் அதில் இல்லை. நுட்பமெல்லாம் எண்களைத் தெரிந்தெடுத்ததில் அடங்கியுள்ளது.

ஆரியபடர் கூறிய கோட்சுற்றுக்கள் யாவும் நான்கால் வகுபடுவன. அன்பர்கள் ஈற்றிரண்டு இலக்கத்தை நோக்கியே இதனைச் சரிபார்த்துக் கொள்ளலாம்: 64, 24, 24, 36. அவர் சதுர்யுகத்தை நான்கு சமபாகங்களாக, ஒவ்வொன்றும் 10,80,000 ஆண்டாக, வகுத்தவர். கலிபிறக்கும்போது மூன்று பாகம் கழிந்திருக்கும். நான்கால் வகுபடும் எண்ணின் முக்காற்பங்கு முழுவெண்ணே ஆதலின், கலித்தொடக்கத்தில் எல்லாக் கோள்களும் மேடத்தொடக்கத்தில் ஒன்றுகூடி நிற்கும். திங்களின் உச்சச்சுற்று 4,88,219. அது நான்கால் வகுபடாது. முக்காற்பங்கு எடுத்தால் காற்சுற்று எஞ்சும். அதனால் கலிதொடக்கத்தில் உச்சம் தொண்ணூறாம் பாகையில் நிற்கும். இராகுவின் சுற்று 2,32,226. அதன் முக்காற்பங்கில் அரைச்சுற்று எஞ்சும். அது நூற்றெண்பதாம் பாகையில் நிற்கும். தொடக்கநிலையைத் தனியே மனனம் செய்யவேண்டாதபடி எண்களே அதனை ஏந்திநிற்கின்றன.

பேரெண்ணின் பெருமை எதற்குப் பயன்பட்டது என்பதும் இங்கேயே தெளியும். ஒரு கோளின் சுற்றெண்ணில் நான்கைக் கூட்டினாலும் குறைத்தாலும், 3,600 ஆண்டு கழித்து அதன் நிலை ஒரு பாகை பன்னிரண்டு கலை அளவே மாறும். ஆகவே கி.பி. 499ஐ ஒட்டிய காலத்தில் வானத்திற் கண்ட நிலை எதுவாயினும், கலித்தொடக்கத்து ஒன்றுகூடலைக் கெடுக்காமலே, முப்பத்தாறு கலைக்குட்பட்ட பிழையோடு சுற்றெண்ணை அதற்குப் பொருத்திவிடலாம். எண் சிறிதாயிருந்தால் இது இயலாது. பட்டறையில் நுண்கருவியின் திருகினை ஒரு பல் திருப்பினால் முனை மயிரிழை நகருமன்றோ? நாற்பத்துமூன்று நூறாயிரம் என்பது அத்தகைய திருகு. மக்களை மருட்டற்கென்று கட்டியது என்பார் இதனை ஒருமுறை செய்துபார்த்தல் நன்று.

அவ்வாறு பொருத்தியதன் பயன் எத்தகையது? திங்கட்சுற்றிலிருந்து ஞாயிற்றின் சுற்றைக் கழித்தால் அமாவாசைத் தொகை 5,34,33,336. நாட்டொகையை இதனால் வகுத்தால் அமாவாசைக்கு அமாவாசை இடைப்பட்ட சராசரிக் காலம் வரும். அது இன்றைய கருவிகள் காட்டும் அளவிலிருந்து ஒரு செகண்டுக்கும் குறைவாகவே வேறுபடுகின்றது. ஞாயிற்றாண்டோ அத்துணைச் செம்மையுடையதன்று. 157,79,17,500ஐயும் 43,20,000ஐயும் 7,500ஆற் சுருக்கினால் 576 ஆண்டிற்கு 2,10,389 நாள். ஓராண்டு 365 நாள், 15 நாழிகை, 31 விநாழிகை, 15 தற்பரை. இன்றும் நம் வாக்கியப் பஞ்சாங்கத்தின் ஆண்டளவு இதுவே. மீன்களை ஒட்டி அளந்த இன்றைய ஆண்டளவினும் இது மூன்று நிமிடம் இருபது செகண்டு அளவில் மிகை. ஆயிரம் ஆண்டில் அம்மிகை இரண்டு நாளுக்குச் சற்று மேற்படும். இச்சிறு மிகையை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்க.

யுகத்தை நான்கு சமபாகமாக்கியது மிருதிகளோடு மாறுபட்டதென்று கி.பி. 628இல் நூல்செய்த பிரமகுப்தர் ஆரியபடரைக் கடிந்தார். ஆயிரம் சதுர்யுகம் ஒரு கற்பம் என்பது புராணவழக்கு. மனு பதினால்வர், மனு ஒருவர்க்குச் சதுர்யுகம் 71 எனின் 994 ஆகும், எஞ்சிய ஆறு என்செய்வது? மனுக்களின் தொடக்கத்தும் இடையிலும் முடிவிலும் கிருதயுக அளவுள்ள சந்தி பதினைந்து வைத்தனர். பதினைந்து கிருதயுகம் சரியாக ஆறு சதுர்யுகம். ஆரியபடர் இச்சந்தியொன்றையும் வேண்டாது, மனுவுக்கு 72 என வைத்துக் கற்பத்தை 1,008 சதுர்யுகமாக்கினார். முன்னர்ச் சொன்ன ஏழு இங்கே வருகின்றது. 157,79,17,500ஐ ஏழால் வகுத்தால் ஐந்து எஞ்சும். சதுர்யுகந்தோறும் கிழமை ஐந்து தள்ளும். 1,008 ஏழன் மடங்காதலின் கற்பமுடிவில் கிழமை பிறழாது நிற்கும், ஆயிரமாயின் நில்லாது. பிரமகுப்தர் சினந்தாராயினும் வானத்தை நோக்குவதில் ஆரியபடர்க்குப் பின்வாங்கியவரல்லர். அவரும் சுற்றெண்களைத் தம் காலத்திற்கு ஏற்பத் திருத்தியே அமைத்தார். நாள் தொடங்குவது ஞாயிறு எழும்போதோ நள்ளிரவிலோ என்பதிற்கூட நம் முன்னோரிடம் இருமரபு இருந்தது. எழுஞாயிறு கொண்ட கணக்கில் சதுர்யுக நாள் 157,79,17,500. நள்ளிரவு கொண்ட கணக்கில் முந்நூறு நாள் மிகுத்து 157,79,17,800. இரண்டையும் 1,200ஆல் வகுத்துப் பார்க்க. 3,600 ஆண்டு கழிந்த கணம் முதற்கணக்கில் எழுஞாயிற்றிலிருந்து காலநாள் கழித்தும், இரண்டாவதில் நள்ளிரவிலிருந்து அரைநாள் கழித்தும் வருகின்றது. இரண்டும் கி.பி. 499 மார்ச்சு 21ஆம் நாள் நண்பகலே. தொடக்கத்தில் வேறுபட்டவை கண்ணாற் கண்ட காலத்தில் ஒன்றுபடுமாறு எண்ணியமைத்த திறம் இது.

கலிபிறந்த நாள் மேனாட்டுக் கணக்கில் கி.மு. 3102 பிப்ரவரி 18, வெள்ளிக்கிழமை. அன்று கோளெல்லாம் மெய்யாகவே ஒன்றுகூடினவோ என்னும் வினா, ஐரோப்பாவில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பெருவாதமாக மூண்டது. அதற்கு வித்திட்டவர் நம் தமிழ்க் கணிதரே. வெள்ளி ஞாயிற்றைக் கடப்பதைக் காண வந்த பிரெஞ்சு வானியலார் லெ ஜென்தில், 1761இல் போரினால் புதுச்சேரியில் இறங்க இயலாது கடலில் அலைந்தார். எட்டாண்டு காத்திருந்து 1769 சூன் திங்களில் அங்கே ஆயத்தமாய் நின்றபோது மேகம் மறைத்துவிட்டது. வெறுங்கையோடு மீளாது, அவ்வூர்த் தமிழரிடம் கிரகணக் கணிதம் கற்றுச் சென்றார். 1765 ஆகசுடு 30ஆம் நாளைய சந்திர கிரகணத்தின் கால அளவில், தமிழ்க் கணிதம் 41 செகண்டு குறைவாகவும், ஐரோப்பாவில் அந்நாள் மதிப்புப் பெற்றிருந்த மேயரின் அட்டவணை 68 செகண்டு மிகையாகவும் காட்டின. இக்கணிதத்தைக் கண்டு வியந்த பெய்லி என்பார், கி.மு. 3102இலேயே இந்தியர் வானத்தை நோக்கி அளந்திருத்தல் வேண்டும் என்று 1787இல் பெருநூல் எழுதினார். அவர்தம் நண்பர்க்கும் மேலாய கணிதப்பேரறிஞர் லாப்லாசு இதனை ஏற்கவில்லை. அந்நாளில் கோள்கள் ஓரிடத்தில் இருக்கவில்லை. கணக்குக்குப் பொதுவான ஒரு தொடக்கம் வேண்டிப் பின்னோக்கிக் கொண்ட நாள் அது என்றார்.

இன்றைய கணிப்பும் லாப்லாசு கூறியதையே உறுதிசெய்கின்றது. நான்கால் வகுபடும் எண்ணைப் பற்றி மேலே காட்டியதும் அதற்கு இயைந்ததே. இதனால் நம் சமயத்திற்கு என்ன குறை நேர்ந்தது என்று கேட்கின்றோம். நம் சித்தாந்தத்தில் காலம் என்பது முப்பத்தாறு தத்துவங்களுள் ஒன்று. அசுத்தமாயையில் தோன்றிய சடப்பொருள். வித்தியாதத்துவம் ஏழனுள் ஒன்றாக வைத்து எண்ணப்படுவது. முதல்வன் காலத்தைக் கடந்தவன். சடத்தை அளக்கும் முழக்கோலில் திருத்தம் நேர்ந்தால் முதல்வனுக்குத் திருத்தம் நேராது. பூமியின் அகவை நானூற்றைம்பது கோடி ஆண்டளவு என்று இன்றைய அறிவியலார் சொல்லக் கேட்டு, கற்பத்தின் 432 கோடியோடு அதனை இணைத்துப் பெருமை பேசுவாரும் சங்கற்பத்தைச் செவ்வே கேளாதவர். சங்கற்பக் கணக்குப்படி கற்பத்துள் கலிபிறக்குமுன் கழிந்தவை ஆறு மனு, ஏழு சந்தி, இருபத்தேழு சதுர்யுகம், மூன்று யுகம். ஆக 197,29,44,000 ஆண்டே. பொருந்தாத இடத்திற் பொருத்தி அடையும் பெருமை, அடுத்த ஆராய்ச்சி வந்ததும் நம் கையைச் சுடும்.

இப்பேரெண் தமிழ்நாட்டில் எவ்வாறு பயின்றது என்பதைச் சிறிது காண்போம். கோடிக்கணக்கிற் பெருக்கி வகுத்தல் நாடோறும் பஞ்சாங்கம் எழுதுவார்க்குத் துன்பம். ஆகவே திங்களின் உச்சச்சுற்று நாளெல்லையில் ஏறத்தாழ முழுமையுறும் சிறுசுழற்சிகளைப் பிரித்தெடுத்தனர். 248 நாளில் ஒன்பது சுற்று. 3,031 நாளில் 110. 12,372 நாளில் 449. நாள்தோறும் திங்கள் நிற்கும் இடத்தை 248 வாக்கியங்களாக மனனம் செய்துகொண்டனர். இதுவே வாக்கிய முறை. காஞ்சிப் பகுதியில் எழுந்ததும் 1962இல் சென்னையில் அச்சேறியதுமாகிய வாக்கியகரணம் இதற்கு அடிநூல். அதன் பேரெல்லை கலிநாள் 16,00,984, அது கி.பி. 1282இல் விழும். இத்தொகைகளை எழுத்தாற் குறிக்கும் கடபயாதி முறையில் 248க்கு வழங்கும் சொல் ‘தேவரம்’. தகரவருக்கத்து மூன்றாமெழுத்து எட்டு, வகரம் நான்கு, இரகரம் இரண்டு. வலமிருந்து இடமாகப் படித்தால் 248. அம்முறையில் உயிர்நீட்டத்திற்கு மதிப்பின்மையால் ‘தேவாரம்’ என்றாலும் தொகை அதுவே. திருமடத்தில் எமக்குக் கணிதம் சொல்லிய ஆசிரியர் இதனைச் சொல்லும்போதெல்லாம் ஒரு புன்முறுவல் செய்வார். பொருள் யாதும் கற்பிக்கமாட்டார்.

1825இல் ‘காலசங்கலித’ நூலைச் சென்னையில் வெளியிட்ட வாரன் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர், புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதர் தரையிற் சோழிகளைப் பரப்பி, மனனச் சொற்களை முணுமுணுத்துக்கொண்டே, அவ்வாண்டு மே 31க்கும் சூன் 1க்கும் இடைப்பட்ட இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்ததை எழுதியுள்ளார். தொடக்கம் நான்கு நிமிடப் பிழையில் அமைந்தது. நடு 23 நிமிடமும் முடிவு 52 நிமிடமும் பிழைத்தன. நூற்றாண்டுக்குமேல் கழித்து நொய்கெபவர் என்னும் அறிஞர், 248 நாள் சுழற்சி பழைய பாபிலோனிய ஏடுகளிலும் உண்டென்று 1952இல் காட்டினார்.

சோழியும் வாக்கியமும் இவ்வளவு செய்தது வியப்பே. எனினும் எந்தத் திருகும் காலப்போக்கில் தளரும். ஆரியபட எண்படி சனியின் ஒருசுற்று 10,766 நாள். இன்றைய நோக்கில் 10,759 நாள் அளவினது. ஒரு சுற்றுக்கு ஏழு நாள் அற்பம், கி.பி. 499 முதல் ஐம்பதுக்கு மேற்பட்ட சுற்று நிகழ்ந்துவிட்டது. இவ்வகை வேறுபாடுகள் திரண்டே வாக்கியமும் திருக்கணிதமும் பிரிந்து நிற்கின்றன. திருக்கணிதத்தார் 2025 மார்ச்சு 29ஆம் நாளைச் சனிப்பெயர்ச்சி எனக் கொண்டனர். வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றுத் திருக்கோயிலில் அந்நாளில் பெயர்ச்சி விழா இல்லை என்று அறிவிக்கப்பட்டது. வாக்கியம் அதனை 2026இல் வைத்தது. அடியார்கள் மயங்கினர். இருதிறத்தாரும் ஒருவரையொருவர் சாத்திரம் தவறியவர் என்றனர்.

திருக்கோயில் எதனைக் கைக்கொள்வது என்பதை அவ்வத்திருக்கோயிலின் மரபும் ஆசாரியரும் முடிவுசெய்வர். அதில் எமக்கு வேறுரையில்லை. ஆனால் எண்ணைத் திருத்துதல் சாத்திரத்தைக் கெடுத்தல் என்னும் வாதத்தை மட்டும் ஏற்க இயலாது. கேரளத்துப் பரமேசுவரர் ஐம்பத்தைந்தாண்டுகள் கிரகணங்களையும் கோள்களையும் கண்ணாற் கண்டு, 1431இல் திருக்கணிதம் என்னும் பெயராலேயே நூல் செய்தார். அவர் ஆரியபடரின் உரையாசிரியர். மரபை நன்கு ஓதியுணர்ந்தவர். அவர் போன்றாரைப் பின்பற்றித் திருத்துவதும் மரபே.

இனிக் கல்வெட்டிற்கு வருவோம். மதுரையை அடுத்த யானைமலையில் பாண்டிய அமைச்சர் மாறன்காரி நரசிங்கப்பெருமாளுக்குக் குடைவித்த கற்றளியின் வடமொழிக் கல்வெட்டு, கலி 3,871 ஆண்டு கழிந்ததென்று கூறுவதால் அது கி.பி. 770 எனத் தெளிகின்றோம். இதனினும் நுட்பமானது பெண்ணையாற்றுப் பகுதியில் உள்ள கிராமம் என்னும் ஊர்ச் சிவாலயக் கல்வெட்டு. முதற் பராந்தக சோழரின் மைந்தர் இராசாதித்தர் திருமுனைப்பாடியில் பாசறை கொண்டிருந்த காலத்தில், அவர்தம் படைத்தலைவர், கேரளநாட்டு வெள்ளன்குமரன், ஆற்றுத்தளிப் பெருமானுக்குக் கற்றளி எடுப்பித்தார். தலைவர் 949இல் தக்கோலப்போரில் வீழ்ந்தபின் உயிர்வைத்திருக்க நாணித் துறவுபூண்டு, திருவொற்றியூரில் சதுரானன பண்டிதர் என விளங்கியவர் இவரே என்று அறிஞர் பலர் கருதுவர். அவர் தம் திருப்பணியின் காலத்தைக் கலி 4,044ஆம் ஆண்டு என்று மட்டும் பொறித்து அமையவில்லை. கலியின் 14,77,037ஆம் நாள் என்று நாளெண்ணையே பொறித்துவைத்தார்.

அரசர் ஆண்டு அரசரோடு மாறும். சகம், கொல்லம் என ஆண்டுக்கணக்கு இடந்தோறும் மாறும். நாளெண்ணோ ஒவ்வொரு விடியலுக்கும் ஒன்றாகக் கூடிக்கொண்டே வருவது. அதில் இடைச்செருகலும் விடுபாடும் இல்லை. தொலைவில் நட்ட தூண் மெய்யாக நடப்பட்டதாயினும் கணக்கால் நடப்பட்டதாயினும், அங்கிருந்து இங்கு வரும் கயிறு தளராது. ஐயமுடைய அன்பர்கள் தாமே அளந்துபார்க்கலாம். கலியின் முதல்நாள் வெள்ளிக்கிழமை. 14,77,037ஐ ஏழால் வகுத்தால் ஈவு 2,11,005, மிச்சம் இரண்டு. வெள்ளியை ஒன்றென வைத்தால் இரண்டாவது சனி. மேனாட்டுக் கணக்கில் அந்நாள் 943ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 14. தைத் திங்களின் பிற்பாதி. அன்றும் சனிக்கிழமையே.